மணலில் விரல் வை!

தில்லி விமான நிலையம். பொழுது இன்னும் புலரவில்லை.

ஒரு பெண் வெளியே வருகிறாள். இருபது வயது இருக்கும். முதுகில் ஒரு பை. நெஞ்சு முழுக்கப் படபடப்பு.

அவளுக்கு இந்தி தெரியாது. இந்த நாட்டின் வேறெந்த மொழியும் தெரியாது. நூற்று நாற்பது கோடிப் பேரில் ஒரே ஒருவரைக்கூடத் தெரியாது!

கதவைத் தாண்டியதும் முகத்தில் அறைகிறது வெக்கை. காதைத் துளைக்கிறது ஹாரன். "டாக்ஸி? டாக்ஸி?" என்று பத்துப் பேர் சூழ்ந்துகொள்கிறார்கள்.

திரும்பி ஓடினாளா? இல்லை! மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டாள். காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

அவளுக்குப் பெயர் வேண்டாம். இந்த மண்ணில் நாள்தோறும் வந்து இறங்குகிற எத்தனையோ பேரின் முகம் அவளுக்கு.

சரி, நண்பா. நீ எங்கே இருக்கிறாய்?

வீட்டில்! பெங்களூருவிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்து பத்து நாள் ஆகிறது. "எனக்குக் கன்னடம் தெரியாதே! அங்கே யாரையும் தெரியாதே!" என்று தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாய்.

ஏழு கடல் தாண்டி ஒருத்தி வருகிறாள். ஒரு ராத்திரி பஸ் பயணத்துக்கு நீ நடுங்குகிறாய்.

அவளிடம் இருப்பது என்ன? உன்னிடம் இல்லாதது என்ன?

பணமா? இல்லை. படிப்பா? அதுவும் இல்லை. புதியவளாய் நிற்க அவள் வெட்கப்படவில்லை. நீ வெட்கப்படுகிறாய். அவ்வளவுதான் வித்தியாசம்!

சாலை உனக்காகக் காலியாகாது

அவளுக்கு முதல் சோதனை, சாலையைக் கடப்பது.

அவள் ஊரில் வண்டிகள் வலப்பக்கமாக ஓடும். நம் நாட்டில் இடப்பக்கமாக ஓடுகின்றன. பிறந்தது முதல் இடப்பக்கம் பார்த்தே பழகிய கழுத்து அது. இங்கேயோ வண்டி வலப்பக்கத்திலிருந்து பாய்ந்து வருகிறது!

பஸ், ஆட்டோ, பைக், சைக்கிள் ரிக்‌ஷா. நடுவே அசைபோட்டபடி ஒரு மாடு. கொஞ்சம் இடைவெளி கிடைக்கட்டும் என்று பத்து நிமிடம் நின்றாள். கிடைக்கவில்லை.

பிறகு என்ன செய்தாள்? காய்கறிப் பையோடு ஒரு பாட்டி வந்து பக்கத்தில் நின்றார். கையை லேசாக உயர்த்தினார். இறங்கினார். நடந்தார்.

அவள் அந்தப் பாட்டியின் தோளை ஒட்டியே நடந்தாள். ஓடவில்லை. பாதியில் பின்வாங்கவில்லை. அக்கரை சேர்ந்தாள்!

நீ எதற்காகக் காத்திருக்கிறாய்?

"கொஞ்சம் பணம் சேரட்டும்." "அக்கா கல்யாணம் முடியட்டும்." "சனிப்பெயர்ச்சி வரட்டும்." அடடா, எத்தனை வாகனங்களை எண்ணிக்கொண்டு நிற்கிறாய்!

எந்தச் சாலை எவனுக்காகக் காலியானது? சொல்!

கடக்கத் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்பார். அவர் தோளை ஒட்டி இறங்கு. நிதானமாக நட. இறங்கிய பிறகு மட்டும் தயங்காதே. பாதிச் சாலையில் மனம் மாறுகிறவன்தான் அடிபடுகிறான்!

வாசலில் நிற்பவனை நம்பாதே

அவளுக்கு எல்லாமே நல்லபடி நடந்தது என்று நினைக்கிறாயா?

முதல் நாள் ஆட்டோவுக்கு மூன்று மடங்கு கொடுத்தாள்.

இரண்டாம் நாள் புது தில்லி ரயில் நிலையத்துக்குப் போனாள். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே அங்கே முதல் மாடியில் ஒரு முன்பதிவு அலுவலகம் உண்டு. வாசலிலேயே ஒருவன் மடக்கினான். "அந்த ஆபீஸ் மூடியாச்சு. என்னோடு வாங்க!"

நம்பிப் போனாள். எங்கோ ஒரு சந்தில், இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். கொடுத்தாள்.

அவள் ஒருத்தி மட்டும் ஏமாந்த கதையில்லை இது. அந்த வாசலில் எத்தனையோ வெளிநாட்டுப் பயணிகள் கேட்ட பொய் அது.

மூன்றாம் நாள் வயிறு கலங்கியது. லாட்ஜ் அறையில் சுருண்டு படுத்தாள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே அழுதாள். ஊருக்குத் திரும்ப விமானம் எப்போது என்று போனில் தேடினாள்.

கவனி! இந்த மூன்றாம் நாள் எல்லோருக்கும் வரும்.

புது வேலையில் வரும். புதுக் கல்லூரியில் வரும். புதுத் தொழிலில் வரும். ஆசையோடு தொடங்கிய எதிலும் மூன்றாம் நாள் ஒன்று வந்தே தீரும்.

அழுகிறாயா? அழு. அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால், நான்காம் நாள் எழுந்திரு!

அவள் எழுந்தாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். கிச்சடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மறுபடி அதே ரயில் நிலையத்துக்குப் போனாள்.

அதே வாசல். அதே பேச்சு. "ஆபீஸ் மூடியாச்சு!"

இம்முறை அவள் நிற்கவில்லை. நேரே படியேறினாள். அலுவலகம் திறந்திருந்தது!

இப்போது உன்னைக் கேட்கிறேன். உன் வாழ்க்கையின் வாசலில் நிற்பவன் யார்?

"அந்த வேலையா? சிபாரிசு இல்லாமல் நடக்காது." "பேங்க் கடனா? உனக்கெல்லாம் தரமாட்டான்." "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு அந்தப் படிப்பு சரிப்படாது."

மூடியாச்சு, மூடியாச்சு, மூடியாச்சு!

சொன்னவன் மாடிக்குப் போய்ப் பார்த்தானா? நீ போய்ப் பார்த்தாயா?

படியேறாமலே எத்தனை கதவுகளை மூடியதாக நம்பிவிட்டாய்! ஏறு! உன் கையால் தள்ளிப் பார். பூட்டியிருந்தால் அப்போது திரும்பலாம்.

மணலில் எழுதிய விரல்

"எனக்கு மொழி வராதே!" என்கிறாய்.

வா, உன்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போகிறேன். 1706-ஆம் ஆண்டு, ஜூலை 9. டென்மார்க்கிலிருந்து வந்த கப்பலில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். வயது 23. ஜெர்மானியர். பர்த்தலோமேயு சீகன்பால்கு.

அன்று அகராதி விற்கும் கடை உண்டா? மொழிபெயர்க்கும் செல்போன் உண்டா? ஒன்றுமில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு முதிய தமிழ் ஆசிரியரைத் தேடிப் பிடித்தார். அந்த ஆசிரியரின் திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்தார்.

மணலைப் பரப்பினார்கள். விரலை வைத்தார். 'அ' எழுதினார்!

ஐரோப்பாவில் பல்கலைக்கழகம் பார்த்தவர். குருப்பட்டம் பெற்றவர். அவருக்குப் பக்கத்தில் மூக்கு ஒழுகும் ஒரு பொடியன். அவன் அவரைவிட நன்றாக எழுதுகிறான்!

வெட்கப்பட்டாரா? வெட்கப்பட்டிருந்தால் அந்தப் பெயர் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இரண்டே ஆண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பெழுதிப் பட்டியல் தயாரித்துவிட்டார்!

தடையே வரவில்லையா? வந்தது. தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் ஆளுநரே அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். நான்கு மாதம்! வெளியே வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, தமிழ் எழுத்தில், தரங்கம்பாடி அச்சகத்திலேயே முழுமையாக அச்சாகி வந்தது. நான்கு ஆண்டு கழித்து அவர் இறந்தபோது வயது 36.

பதின்மூன்று ஆண்டில் அவர் ஒரு மொழியையே வசமாக்கினார். நீ "ஸ்போக்கன் இங்கிலீஷ்" வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு, மூன்றாம் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாய். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களாம்!

சிரிக்கட்டுமே! சிரிப்புப் பட்டு எவன் செத்தான்?

உன் பாட்டனுக்கும் மணல்தான் முதல் நோட்டு. விஜயதசமி அன்று நீயும் அரிசித் தட்டில்தானே 'அ' எழுதினாய்? அன்று உனக்கு வெட்கம் இருந்ததா? பாட்டி உன் பிஞ்சு விரலைப் பிடித்து இழுத்தாள், நீ எழுதினாய். கோணலாக எழுதினாய். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று வயதில் இருந்த அந்தத் துணிச்சலை எங்கே தொலைத்தாய்?

மணலின் அருமை உனக்குத் தெரியுமா? தப்பு வந்தால் உள்ளங்கையால் ஒரு தடவல். அழிந்துவிடும். மறுபடி எழுதலாம். மறுபடி, மறுபடி, மறுபடி!

வாழ்க்கையைக் கல்வெட்டு என்று நினைத்துக்கொண்டு உளியைத் தொடவே பயப்படுகிறாய். அது மணல், தம்பி! விரலை வை!

பாதி இருக்கை போதும், ஏறு!

நம் அந்தப் பெண் இப்போது தில்லியிலிருந்து காசிக்குப் புறப்படுகிறாள். ஸ்லீப்பர் வகுப்பு. ஆனால், டிக்கெட்டில் 'ஆர்.ஏ.சி.' என்று இருக்கிறது.

அதன் பொருள் உனக்குத் தெரியும். ஜன்னலோர சைடு லோயர் பெர்த். ஒரு பெர்த்தில் இரண்டு பேர். படுக்க முடியாது. உட்கார்ந்து போகலாம். யாராவது வராமல் போனால் முழு பெர்த் கிடைக்கும்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. படுக்கைக்குக் காசு கொடுத்தேன், பாதி இருக்கைதானா? யோசித்தாள். ஏறிவிட்டாள்!

எதிரே ஒரு குடும்பம். சங்கிலி போட்டுப் பெட்டியைப் பூட்டுகிறார்கள். அவளும் பார்த்துப் பார்த்துத் தன் பையைப் பூட்டினாள். "சாய், சாய்!" என்று தூக்குப் பாத்திரத்தோடு ஒருவர் வந்தார். அவளும் ஒரு கப் வாங்கினாள்.

கேள்விகள் தொடங்கின. எந்த ஊர்? அப்பா என்ன வேலை? கல்யாணம் ஆகிவிட்டதா? சம்பளம் எவ்வளவு?

அவள் ஊரில் இப்படிக் கேட்டால் சண்டை வரும். ஆனால், கேட்ட அம்மாளின் கையில் பூரிப் பொட்டலம் பிரிந்திருந்தது. பாதியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் கேட்டார். அந்தக் கேள்விகள் உறவு சொல்லும் வழி என்று அவளுக்கு மெல்லப் பிடிபட்டது.

வலக்கையால் பூரியைப் பிய்த்தாள். உருளைக்கிழங்கு விரலிடுக்கில் வழிந்தது. பெட்டியே சிரித்தது. அவளும் சிரித்தாள். இன்னொரு பூரி வந்தது!

நள்ளிரவில் எங்கோ ஒரு நிலையத்தில் பரிசோதகர் வந்தார். வேறொரு பெர்த் காலி. "நீ போய்ப் படும்மா" என்று கை காட்டினார்.

முழு பெர்த் கிடைத்தால்தான் ஏறுவேன் என்று அவள் அடம்பிடித்திருந்தால்? விடியும்வரை பிளாட்பாரத்தில்தான் கிடந்திருப்பாள்!

நீ ஏறாமல் விட்ட ரயில்கள் எத்தனை?

"சம்பளம் குறைவு, வேண்டாம்." "நான் படித்த படிப்புக்கு இந்த வேலையா?" "கடை வைத்தால் மெயின் ரோட்டில்தான் வைப்பேன்." முழு பெர்த்! முழு பெர்த்! அதைச் சொல்லிச் சொல்லியே முப்பது வயது ஆகிவிட்டது.

பாதி இருக்கை கிடைக்கிறதா? ஏறு! ஓடுகிற ரயிலுக்குள்தான் இடம் காலியாகும். பிளாட்பாரத்தில் நிற்பவனுக்கு எந்தப் பெர்த்தும் காலியாகாது!

வயதா? பாகியானைக் கேள்!

"எனக்கு வயதாகிவிட்டது" என்று யாரோ முனகுவது கேட்கிறது.

எத்தனை? நாற்பதா? ஐம்பதா?

கி.பி. 399. சீனத்தின் சாங்கான் நகரிலிருந்து ஒரு துறவி இந்தியாவுக்கு நடக்கத் தொடங்கினார். பாகியான். வயது அறுபதை எட்டியிருந்தது!

வாகனம்? இரண்டு கால். வழியில் பெரும் பாலைவனம். பறவை இல்லை, விலங்கு இல்லை. முன்னே போய்ச் செத்தவர்களின் எலும்புகளே வழிகாட்டும் கற்கள் என்று அவரே எழுதிவைத்தார்.

கூட வந்தவர்களில் சிலர் திரும்பினார்கள். ஒருவர் பனிமலையில் அவர் கண் முன்னே உயிர்விட்டார். ஒருவர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்.

பாகியான் நடந்தார். பாடலிபுத்திரம் வந்தார். அங்கே மூன்று ஆண்டு உட்கார்ந்து சமஸ்கிருதம் கற்றார். நூல்களைத் தன் கையால் படியெடுத்தார். பிறகு இலங்கை. அங்கிருந்து கடல்வழி. புயலில் சிக்கி, திசை தப்பி, 412-இல் சீனக் கரையில் இறங்கினார்.

அறுபதுக்கு மேல் ஒருவர் அயல்மொழிக்கு அரிச்சுவடி படிக்கிறார்! நீ நாற்பதில் "இனிமே என்ன இருக்கு" என்கிறாய்.

இருக்கிறது! நீ நடக்காத பாதை முழுவதும் அப்படியே இருக்கிறது!

கற்றதை இறக்கி வை

"நான் படித்தது இங்கே உதவவில்லை." இதுவும் ஒரு சாக்கு. மெத்தப் படித்தவனின் சாக்கு.

லாரி பேக்கர். இங்கிலாந்தில், பர்மிங்காமில் 1917-இல் பிறந்தவர். கட்டடக்கலை படித்தவர். 1945-இல் இந்தியா வந்தார். தொழுநோயாளர்களுக்கான விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றிக் கட்டுவது அவர் வேலை.

வந்து பார்த்தால், படித்த படிப்பு பல்லிளித்தது! கருங்கல், களிமண், சாணம், மூங்கில். இவற்றில் எதையும் அவருக்குக் கல்லூரி கற்றுத்தரவில்லை.

பாடப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கப்பல் ஏறினாரா? இல்லை. இமயமலைப் பக்கம் பித்தோராகட்டில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். மலைவாழ் மக்கள் வீடு கட்டுவதை உட்கார்ந்து பார்த்தார். கூரை ஏன் அப்படிச் சாய்கிறது? சுவர் ஏன் இவ்வளவு தடிமன்? எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனாரிடம் மாணவரானார்!

பிறகு கேரளம். செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். செங்கலும் மிச்சம், சாந்தும் மிச்சம், வீட்டுக்குள் சூடும் குறைவு. ஏழைக்கும் வீடு கைக்கு எட்டியது.

திருவனந்தபுரம் போயிருக்கிறாயா? தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சுருள் சுருளாக மேலேறும் ஒரு சிவப்புக் கட்டடம். இந்தியன் காபி ஹவுஸ். ஊருக்குப் புதிதாய் வந்து இறங்குகிறவன் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான். கட்டியவர் பேக்கர்!

இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990-இல் பத்மஸ்ரீ. 2007-இல் 90 வயதில் கேரள மண்ணிலேயே கண்மூடினார்.

படித்ததைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இறக்கிவை. கை காலியாக இருந்தால்தான் புதிதாய் ஒன்றை வாங்க முடியும்!

தனி ஆளா நீ?

"எனக்கு யாருமில்லை. கையில் ஒன்றுமில்லை." இதுதானே உன் கடைசி ஆயுதம்? அதையும் பிடுங்குகிறேன்!

1929 ஜனவரி. கல்கத்தா. 18 வயதுப் பெண் ஒருத்தி வந்து இறங்கினார். ஸ்கோப்ஜி நகரில் பிறந்தவர். அம்மாவிடம் விடைபெற்று வந்தவர். அந்த அம்மாவை அதன்பின் ஒருநாளும் அவர் பார்க்கவில்லை!

வங்காளம் கற்றார். பள்ளியில் ஆசிரியை ஆனார். கிட்டத்தட்ட இருபது ஆண்டு. மதில் சூழ்ந்த மடம், பாதுகாப்பு, மரியாதை. அப்படியே இருந்திருக்கலாம்.

1948-இல் மதிலைத் தாண்டி வெளியே வந்தார். வயது 38-ஐ நெருங்கியிருந்தது. நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. தனி ஆள். மறுபடி ஒருமுறை புதியவள்!

மோதிஜில் சேரி. பள்ளிக்கூடம் தொடங்கினார். கட்டடம் இல்லை. பெஞ்சு இல்லை. கரும்பலகை இல்லை. குனிந்தார். ஒரு குச்சியை எடுத்தார். மண் தரையில் வங்க எழுத்தைக் கீறினார்!

பார்த்தாயா? தரங்கம்பாடியில் ஒருவர் கற்றது மணலில். கல்கத்தாவில் ஒருவர் கற்பித்தது மண்ணில்.

அவருக்குத் தளர்ச்சி வரவில்லையா? வந்தது. கால் வலிக்க அலைந்த அந்த நாட்களில், மடத்தின் சுகம் வா வா என்று இழுத்ததாகத் தன் குறிப்பேட்டில் எழுதினார். இழுத்தது. ஆனால், அவர் போகவில்லை!

அவர்தான் அன்னை தெரசா. 1979-இல் நோபல் பரிசு வந்து அவர் வாசலில் நின்றது.

பயம் இல்லாதவர் என்று உலகில் எவருமில்லை. பயம் ஒரு பக்கம் இழுக்கும்போது, மறுபக்கம் அடியெடுத்து வைத்தவர்கள்தான் இருக்கிறார்கள்!

துணிச்சலுக்கும் கண் வேண்டும்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது துணிச்சல் ஆகாது.

ஊருக்குப் புதிதாய் வந்து தேறியவர்களைக் கவனி. பாஸ்போர்ட்டின் நகலைத் தனியே வைத்திருப்பார்கள். ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுவார்கள். கூட்டம் மொய்க்கும் கடையில், கண் எதிரே சுடச்சுடச் சமைத்ததைச் சாப்பிடுவார்கள். இருட்டிய பின் அறியாத ஊரில் இறங்காதபடி ரயிலைத் தேர்ந்தெடுப்பார்கள்.

தட்கல் டிக்கெட் பயணத்துக்கு முதல் நாள் கிடைக்கும். ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. மணி அடிக்கும் முன்பே பெயர், வயது எல்லாம் எழுதித் தயாராக உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அது கிடைக்கும். 11.10-க்கு வந்து "சிஸ்டமே சரியில்லை" என்று திட்டுபவனுக்குக் கிடைக்குமா?

நீ எதற்குத் தயாராக இருக்கிறாய்? தேர்வுத் தேதி அறிவித்த பிறகா புத்தகம் தேடுவது? வேலை போன பிறகா புதுத்தொழில் கற்பது?

கேள். விசாரி. எழுதி வை. ஒத்திகை பார். பிறகு குதி! தயாரானவனிடம் பயம் பாதியாகச் சுருங்கிவிடும்.

நீயும் புதியவன்தான்!

பையில் ரூபாய் நோட்டு இருக்கிறதா? எடு. பின்பக்கம் திருப்பு. ஒரு கட்டத்துக்குள் 15 மொழிகளில் அதன் மதிப்பு அச்சாகியிருக்கிறது. அதில் எத்தனை உனக்குப் படிக்கத் தெரியும்?

ஒன்று. மிஞ்சினால் இரண்டு!

அசாமின் திப்ருகட்டில் கிளம்புகிற விவேக் எக்ஸ்பிரஸ், சுமார் 4,200 கிலோமீட்டர் ஓடிக் கன்னியாகுமரிக்கு வருகிறது. அதில் ஏறினால், ஜன்னலுக்கு வெளியே ஊர்ப்பலகையின் எழுத்து மாறிக்கொண்டே வரும். அந்த எழுத்துகளின் முன்னே, வெளிநாட்டுக்காரியும் நீயும் ஒரே வகுப்புப் பிள்ளைகள்!

இவ்வளவு பெரிய நாட்டில் எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் புதியவர்தான்.

திருப்பூருக்குப் போய்ப் பார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் பனியன் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார்கள். மளிகைக் கடையில் "அண்ணா, அரிசி ஒரு கிலோ" என்று தமிழில் கேட்கிறார்கள். யார் கற்றுக்கொடுத்தது? பசி கற்றுக்கொடுத்தது. துணிவு கற்றுக்கொடுத்தது!

அவர்களால் முடிந்தது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த ஒரு பெண்ணால் முடிந்தது. உன்னால் ஏன் முடியாது? சொல், ஏன் முடியாது?

பதில் வரவில்லையே! வராது. ஏனென்றால், பதிலே இல்லை!

இன்றே விரலை வை!

காசியில், தசாசுவமேதப் படித்துறை. மாலை ஆரத்திக்குக் கூட்டம் நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணும் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு படியில் அமர்ந்திருக்கிறாள்.

பக்கத்தில் இன்னொரு வெளிநாட்டு இளைஞன். இன்றைக்குத்தான் வந்திருக்கிறான் போலிருக்கிறது. முகம் வெளிறியிருக்கிறது. கண்ணில் அதே மிரட்சி. மேலே சாலையைக் கடக்கத் தெரியாமல் அரைமணி நேரம் நின்றானாம்.

அவள் எழுந்தாள். "வா, நான் காட்டுகிறேன்" என்றாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன் பாட்டியின் தோளை ஒட்டி நடந்தவள். இன்று இன்னொருவனுக்குத் தோளாக நிற்கிறாள்!

அவள் இன்னும் இந்தி பேசக் கற்றுவிடவில்லை. நேற்றுக்கூட ஒரு கடையில் ஏமாந்தாள். ஆனால், பயந்து நின்ற இடத்தில் இப்போது நடக்கிறாள். அது போதும்.

உனக்கும் பன்னிரண்டு நாள் தருகிறேன்.

எந்த ஊருக்குப் போகப் பயந்தாயோ, அந்த ஊருக்கு இன்று டிக்கெட் எடு. எந்த மொழியைப் பேச வெட்கப்பட்டாயோ, அதில் நாளைக் காலை ஒரு கடைக்காரரிடம் ஒரு வாக்கியம் பேசு. எந்தக் கதவு மூடியாச்சு என்று யாரோ சொன்னார்களோ, அந்தப் படியில் ஏறு.

மூன்றாம் நாள் அழுவாய். நான்காம் நாள் எழு!

தப்பாக எழுதுவாய். எழுது! கோணலாக வரும். வரட்டும்! யாரோ சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!

உள்ளங்கையால் ஒரு தடவல். மணல் மறுபடி சமமாகிவிடும். உன் விரல் உன்னிடமே இருக்கிறது.

வை, தம்பி! வை, தங்கையே! இன்றே முதல் எழுத்தை எழுது!